தகாடாவுக்குப் போனவர்

உங்களில் பாதிப் பேருக்கு இந்தக் கதையை நான் முன்பே சொல்லியிருக்கிறேன். கோயில் மடைப்பள்ளியில் தேங்காய் துருவிக்கொண்டே சொல்லியிருக்கிறேன். கல்யாண வீட்டில் வெற்றிலை அடுக்கிக்கொண்டே சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் என் அப்பாவைத் திட்டினீர்கள். நானும் சேர்ந்துதான் திட்டினேன். போன மாதம் வரைக்கும் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். அப்போது ஒரு போன் வந்தது; அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தத் தடவை எழுதியே கொடுத்துவிடுகிறேன். வாயால் சொல்ல ஆரம்பித்தால் வழக்கம்போல் எங்கேயாவது போய்விடுவேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. யாங்கோன் நகரத்தில், கியாக்டடாப் பேட்டையில் மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். ஜன்னலைத் திறந்தால் பஸ் புகையும், கீழே மொஹிங்காக் கடையில் வேகும் மீன் குழம்பின் வாசனையும் சேர்ந்து ஏறி வரும். மழை விட்டு, விளக்குப் பண்டிகையும் முடிந்து, காலையில் குளித்தால் பல் தந்தியடிக்கிற பருவம். உங்களுக்கும் நினைவிருக்கும், அப்போது எது வேண்டுமென்றாலும் அரசாங்கத்தின் மக்கள் கடையில் வரிசை நிற்க வேண்டும், உப்புக்குக்கூட.

அப்பாவுக்குத் துறைமுகக் கிடங்கில் வேலை. சண்டைக் காலத்தில் அவர் பையனாக இருந்தபோது ஜப்பான்காரர்களின் முகாம் சமையற்கட்டில் சட்டி கழுவியவர். அங்கே அவர்கள் பேச்சைக் கற்றுக்கொண்டார். அறை வாங்கிக் கற்றது, அதனால் மறக்கவில்லை என்பார். சண்டை முடிந்த பிறகு அந்தப் பாஷையால் ஒரு பிரயோசனமும் இல்லை. மீனைத் தூக்கிக்கொண்டு ஓடும் பூனையை மட்டும் அதில் திட்டுவார்.

அந்த வருஷம், செத்துப்போன தங்கள் சிப்பாய்களின் எலும்பைத் தேடி எடுத்துப் போக ஜப்பானிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. பேச்சு தெரிந்த ஆள் தேவைப்பட்டது. யாரோ அப்பா பேரைச் சொல்லிவிட, கிடங்கிலிருந்து ஒரு மாதம் விடுப்புக் கொடுத்து அனுப்பினார்கள். வந்தவர்களில் ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார். பூகோளமும் சரித்திரமும் சொல்லிக்கொடுப்பவர். அண்ணனைத் தேடி வந்திருந்தார். யாங்கோனுக்கு வடக்கே ரப்பர் மரங்களுக்கு நடுவில் ஒரு கொட்டகை ஆஸ்பத்திரியில் அண்ணன் காய்ச்சலில் கிடந்ததாக, உயிரோடு திரும்பிய ஒருவர் படம் போட்டுக் கொடுத்திருந்தாராம். அந்தத் தாள் மடித்து மடித்து, மடிப்பு வழியே நாலாகக் கிழிந்திருந்தது.

வெளிநாட்டுக்காரர்கள் நம் வீடுகளில் தங்கக் கூடாது என்று சட்டம். வாத்தியார் ஓட்டலில் தங்கி, வார்டு அலுவலகத்தில் சொல்லிவிட்டுச் சாயங்காலங்களில் எங்கள் வீட்டுக்கு வருவார். ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, அம்மா வைக்கிற ரசம் ஒத்துக்கொண்டது. நானும் தம்பியும் அவருக்குப் பனி வாத்தியார் என்று பேர் வைத்தோம். வாயைத் திறந்தால் பனிதான்.

அவர் ஊர் தகாடா. டாலா, கியாக்டடா, தகாடா என்று நாங்கள் மாடிப்படியில் பாட்டுக் கட்டிக் குதித்தது நன்றாக நினைவிருக்கிறது. ஊரைக் காட்டுகிறேன் என்று ஒருநாள் அம்மாவிடம் பித்தளைத் தாம்பாளத்தை வாங்கினார். அப்பாவின் நீலக் கைலியை மடித்து ஒரு பக்கம் வைத்தார், அது கடல். கடலோரம் ஒரு புளியங்கொட்டை, அது துறைமுகம். நடுவில் தவிடு பரப்பினார், நெல் விளைகிற சமவெளி; விரலால் ஒரு கோடு கிழித்தார், ஆறு. எதிர்ப்பக்கம் உருளைக்கிழங்குகளை அடுக்கி மலை. குளிர்காலக் காற்று கடலைத் தாண்டி வரும்போது ஈரத்தைக் குடித்துக்கொண்டு வந்து அந்த மலையில் முட்டுமாம். முட்டினால் என்ன ஆகும் தெரியுமா என்று கேட்டுவிட்டு, அம்மாவின் உப்பு ஜாடியை எடுத்து மொத்தத்தையும் கொட்டிவிட்டார்.

வரிசையில் நின்று வாங்கிய உப்பு. அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"நம்ம மழை மாதிரிதான்," என்று அப்பா மொழிபெயர்த்தார். "ஆனா விழுந்தது ஓடாது. அங்கயே உக்காந்துக்கும்."

"உக்காரட்டும். நாளைக்குக் கொழம்புக்கு உப்பு கேட்டா அவர் ஊர் மலையைக் காட்டுங்க," என்றாள் அம்மா. அப்பா அதை மொழிபெயர்க்கவில்லை. ஆனால் வாத்தியாருக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் ஓட்டலிலிருந்து காகிதத்தில் உப்பு மடித்துக் கொண்டுவந்தார்.

மாடி வரைக்கும் பனி மூடிவிடுமாம். அதனால் வீட்டுக்கு வீடு வாசலில் கூரையை இழுத்து, தெரு ஓரமாக மூடிய நடைபாதை விட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டுக்காரனும் தன் நிலத்தில் தன் செலவில் ஊருக்காக விட்டது. முன்னொரு காலத்தில் ஊர் முழுக்கப் புதைந்துபோய், கடிதம் கொண்டுவருகிறவன் தடம் தெரியாமல் தலைக்கு மேலேயே நடந்து போய்விடுவானாம். அதனால் பனியின் மேல் ஒரு பலகை நட்டார்கள்: 'இதற்குக் கீழே தகாடா இருக்கிறது.' தம்பி அன்று ராத்திரி போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, இதற்குக் கீழே நான் இருக்கிறேன் என்று எழுதி ஒட்டச் சொன்னான்.

அந்த ஊர்க் கோட்டையை நாலே மாதத்தில் கட்டினார்களாம். கல் சுவர் கிடையாது, மண்மேடும் அகழியும்தான். கட்டிய பிரபுவே சீக்கிரம் அதை இழந்துவிட்டார். பின்னால் ஒரு கஷ்ட காலத்தில் யாரோ ஒரு பண்ணையார் கிழங்குக்காக அகழியில் தாமரை நட்டார், அது இன்றைக்கும் அகழி கொள்ளாமல் பூக்கிறது என்றார். கண் தெரியாத பெண்கள் மூன்று நரம்பு வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு, முன்னால் போகிறவளின் மூட்டையில் கை வைத்து வரிசையாக ஊர் ஊராகப் பாடிப் போவார்கள் என்றார். அம்மா அடுப்படியிலிருந்தே, எல்லாருக்கும் கண் தெரியாவிட்டால் முன்னால் போகிறவளுக்கு வழி யார் சொல்வது என்று கேட்டாள். முன்னால் போகிறவளுக்குக் கொஞ்சம் தெரியும் என்று பதில் வந்தது. கொஞ்சம் தெரிந்தால் போதும் என்றாள் அம்மா.

பக்கத்துக் குன்றில் ஒரு ராஜா இருந்தாராம். மலைக்கு உள்ளே இருந்த அவருடைய எதிரிக்கு மற்ற ராஜாக்கள் எல்லாரும் சேர்ந்து உப்பை நிறுத்திவிட்டார்கள். சண்டை வாளால்தான், உப்பால் இல்லை என்று இவர் மட்டும் உப்பு மூட்டைகளை அனுப்பி வைத்தாராம். எதிரிக்குப் போய் உப்பா என்று நாங்கள் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு ஆறு வயதில் அவள் அம்மா குண்டு வீச்சில் போய்விட்டாள். அவள் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஜப்பான்காரர்கள் ரயில்பாதை போட ஆள் பிடித்தபோது, மூன்று மாத வேலை, கூலியும் துணியும் உண்டு என்று லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் டாலாவில் ஒரு பர்மியப் பெரியவர் அம்மாவை எடுத்து வளர்த்தார். அடையாள அட்டையில் தகப்பன் பேர் என்ற இடத்தில் அவர் பேர்தான். பெற்ற அப்பாவின் பேர் அம்மாவுக்குத் தெரியாது. ஐயா என்று கூப்பிட்டாள், அவ்வளவுதான். ஆறு வயதுப் பிள்ளை ஐயாவுக்கு ஒரு பேர் இருக்கும் என்று யோசிக்குமா? மடியில் உட்கார்ந்தால் அரைஞாணில் கட்டிய வெள்ளித் தாயத்து முதுகில் குத்தும், அது மட்டும் ஞாபகம் என்பாள்.

ரயில்பாதையிலிருந்து தப்பி வந்த ஒருவர் பின்னால் சொன்னாராம், நோயாளிகளை யாங்கோனுக்கு வடக்கே மாவ்பியில் இறக்கி ரப்பர் தோட்டத்தில் போட்டுவிட்டார்கள், உன் அப்பனும் அதில் இருந்தான் என்று. எலும்பும் இல்லை, செத்த நாளும் தெரியாது. ஓர் ஆடி அமாவாசைக்குக் கோயிலுக்குப் போய் அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். பூசாரி பேர் கேட்டார். தெரியாது என்றாள். பேரில்லாமல் யாருக்கென்று செய்ய என்று சொல்லித் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அம்மா கோயிலுக்குள் வந்தால் பிராகாரத்தோடு சரி.

பனி வாத்தியாரின் கிழிந்த படமும் மாவ்பி ரப்பர் தோட்டத்தைத்தான் காட்டியது. அப்பா அதை வீட்டில் சொல்லியிருந்தார். தோண்ட ஆரம்பித்த இரண்டாம் நாள், அம்மா சாப்பாடு கொண்டுபோகிறேன் என்று தூக்குச் சட்டியோடு என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

தோட்டத்தில் காய்ந்த இலை கணுக்கால் வரை கிடந்தது. நடந்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். இடத்தைக் காட்டிய கிழட்டு விவசாயி ஒரு மரத்தடியில் சுருட்டு பிடித்துக்கொண்டிருந்தார். சிப்பாய் எந்தப் பக்கம், கூலிக்காரன் எந்தப் பக்கம் என்று அப்பா அவரிடம் பர்மியத்தில் கேட்டதற்கு, காய்ச்சலில் செத்தவனை எல்லாம் ஒரே பக்கம்தான் போட்டார்கள் தம்பி என்றார்.

குழிக்குள் நான் எட்டிப் பார்த்தேன். தேயிலைச் சாயத்தில் ஊறிய மாதிரி எலும்புகள். பனி வாத்தியார் வெள்ளைக் கையுறை போட்டுக் குந்தி உட்கார்ந்து, பல் விளக்கும் பிரஷால் ஒரு தாடையைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு உப்பு மலை கட்டிக் காட்டிய அதே கை. அப்போது அப்பா இடுப்பெலும்புக்குப் பக்கத்திலிருந்து கறுத்த குழல் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தார். உள்ளே வெள்ளி பளிச்சென்றது.

அம்மா தூக்குச் சட்டியைக் கீழே வைத்தாள். அப்பா என்னைப் பார்த்து, குழாயடியில் போய்த் தண்ணீர் பிடித்து வா என்றார். போனேன். குழாய் தூரத்தில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் சினிமாவில் சத்தம் நின்றுபோன மாதிரி மூவரும் தெரிந்தார்கள். அப்பா நெடுநேரம் பேசினார். பனி வாத்தியார் அசையாமல் நின்றார். பிறகு மண்ணில் மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்தார். நான் தண்ணீரோடு வந்தபோது அந்த எலும்புகள் வெள்ளைத் துணியில் தனியாக அடுக்கியிருந்தன. தாயத்தும் அதன் மேல் இருந்தது.

"அப்பா, அது நம்ம ஆளுங்க தாயத்துப்பா. அவங்க அண்ணன் இல்ல," என்றேன்.

அப்பா என்னை அறைந்தார். அதற்கு முன்னால் அவர் என்னை அடித்ததே இல்லை. பின்னாலும் இல்லை. கையிலிருந்த செம்பு உருண்டு குழிக்குள் போயிற்று. அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

அந்த எலும்பைத் தோட்டத்திலேயே தனியாக எரித்து, சாம்பலைப் பெட்டியில் வைத்து, வெள்ளைத் துணியைச் சுற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பனி வாத்தியார் விமானம் ஏறினார். போகும்போது அப்பாவுக்குத் தன் டிரான்சிஸ்டர் ரேடியோவைக் கொடுத்துவிட்டுப் போனார். தோல் உறை போட்டது. எங்கள் தெருவிலேயே அப்படி ஒன்று கிடையாது.

கீழ்வீட்டு அத்தைக்கு நான்தான் நடந்ததைச் சொன்னேன். அத்தை எல்லாருக்கும் சொன்னாள். மாமனார் எலும்பை ஜப்பான்காரனுக்கு விற்று ரேடியோ வாங்கியவன் என்று படிக்கட்டில் அப்பாவின் காதுபடவே பேசினார்கள். அப்பா ஒரே ஒருநாள் பதில் சொன்னார்: "ஆமாக்கா. பாட்டு நல்லா கேக்குது." அம்மா உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வெளியே வரவில்லை.

அன்று எனக்குள் விழுந்த கசப்பு போகவே இல்லை. கல்யாணமாகிப் போன பிறகும் அம்மாவைத்தான் பார்க்கப் போவேன். அம்மா போன பிறகு அப்பா இரண்டு வருஷம் இருந்தார். கடைசியில் ஒருநாள், கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போம்மா என்றார். அடுப்பில் வேலை இருக்கிறது என்று கிளம்பி வந்துவிட்டேன். ரேடியோ எப்போது, யார் கையில் போயிற்று என்றுகூட எனக்குத் தெரியாது.

இப்போது நம் பிள்ளைகள் எல்லாம் எப்படியாவது வெளியே போனால் போதும் என்று பாஷை படிக்கிறார்கள். என் மகள் வயிற்றுப் பேத்தியும் ஜப்பான் பாஷை படித்து, முதியோர் இல்லத்தில் வேலை வாங்கினாள். போவதற்கு முன்னால் ஊரைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் கொடுத்திருந்தார்கள். ஜோயெட்சு என்று ஊர்ப் பேர். தனகா மரப்பட்டையை அரைத்துப் பூசிய முகத்தோடு என் பக்கத்தில் உட்கார்ந்து, பாதி பர்மியம் பாதி தமிழில் படித்துச் சொன்னாள். வாசல் கூரையை இழுத்து மூடிய நடைபாதை, மண்கோட்டை, அகழி முழுக்கத் தாமரை என்றாள். பனியில் பலகை நட்டிருப்பார்களே என்றேன். அவள் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். தகாடாவும் பக்கத்துத் துறைமுக ஊரும் சேர்ந்து பேர் மாறியிருக்கிறது. உலகத்தில் எத்தனை ஊர் இருக்கிறது, அவளுக்கு அந்த ஊரா விழ வேண்டும்?

பர்மாவுக்கு அண்ணனைத் தேடி வந்த பூகோள வாத்தியார் ஒருவர் அங்கே இருந்தார், விசாரித்துப் பார் என்று சொல்லி அனுப்பினேன். எதற்குச் சொன்னேன்? உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்ற வெறி. நீங்கள் கும்பிடுகிறது உங்கள் ஆளை இல்லை, எங்கள் ஆளை என்று அந்த வீட்டாரிடம் யாராவது சொல்ல வேண்டும் என்று ஐம்பது வருஷமாக நெஞ்சில் முள்.

சின்ன ஊர். இல்லத்தில் இருந்த ஒரு கிழவரே வாத்தியாரிடம் படித்தவராம். அவர் மூலம் வாத்தியாரின் மகளுக்குச் செய்தி போயிற்று. வாத்தியார் காலமாகி வெகுநாளாயிற்று. போன மாதம் அந்த அம்மாள் தன் அப்பாவின் நோட்டுப் புத்தகத்தோடு என் பேத்தியைத் தேடி வந்திருக்கிறார். பேத்தி முகம் தெரிகிற மாதிரி போனில் கூப்பிட்டாள். குரலே சரியில்லை.

"அம்மாச்சி, உக்காந்துக்கோங்க, என்ன. அந்த வாத்தியாருக்குத் தெரியும். அன்னைக்கே தெரியும்."

மாவ்பியில் அன்று நடந்ததை அவர் அன்றைக்கே எழுதி வைத்திருக்கிறார். நான் குழாயடியில் நின்றபோது பேசியது அப்பா இல்லை, அம்மா. அப்பா அழுதுகொண்டே மொழிபெயர்த்திருக்கிறார். செத்தவர்களுக்குக் கோயிலில் ஒரு புதுப்பேர் வைப்பது தங்கள் ஊர் வழக்கம், வருஷா வருஷம் அந்தப் பேரைச் சொல்லிக் கும்பிடுவோம் என்று வாத்தியார் ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டில் சொல்லியிருக்கிறார். நானும் தம்பியும் அப்போது என்ன விளையாடிக்கொண்டிருந்தோமோ, எங்கள் காதில் அது விழவில்லை. அம்மா காதில் விழுந்திருக்கிறது. குழிக்கரையில் நின்று அம்மா சொன்னதைப் பேத்தி படித்துச் சொன்னாள்:

"இது உங்க அண்ணன் இல்ல. எங்க ஐயாவோ, ஐயா மாதிரி எங்க ஆளு ஒருத்தரோ. பேர் தெரியாதுன்னு எங்க கோயில்ல திருப்பி அனுப்பிட்டாங்க. உங்க ஆளுங்கதான கூட்டிட்டுப் போனாங்க. நீங்களே கூட்டிட்டுப் போய் ஒரு பேர் வைங்க."

அதைக் கேட்டுத்தான் அவர் மண்ணில் விழுந்திருக்கிறார். இன்னொன்றும் எழுதியிருக்கிறார். தகப்பனைப் பிடித்துப் போனவர்களிடமே தகப்பனை ஒப்படைத்தாள் என்று தெரிந்தால் எங்கள் ஆட்கள் இவளை வாழவிட மாட்டார்கள், நான் கொடுத்தேன் என்றே இருக்கட்டும், மகளுக்கும் சொல்ல வேண்டாம் என்று அப்பா கேட்டுக்கொண்டாராம். ரேடியோவை அப்பா வாங்க மறுத்ததும், அவர் கட்டாயப்படுத்தி விட்டுவந்ததும் அதில் இருக்கிறது.

என்னை அறைந்த கையை ஐம்பது வருஷம் வெறுத்தேன். எதைச் சொல்லிவிடக் கூடாதென்று அடித்தாரோ, அதைத்தான் நேரே போய்க் கீழ்வீட்டில் சொன்னேன். அம்மாவைக் காப்பாற்ற அவர் தலைமேல் போட்டுக்கொண்ட பழியைத் தெருத்தெருவாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது நான். என் வாயால் கேட்டவர்கள் எல்லாரும் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்: என் அப்பா எதையும் விற்கவில்லை.

வாத்தியார் கடைசிவரை அண்ணனைக் கண்டுபிடிக்கவில்லையாம். குடும்பக் கல்லறையில் அண்ணனுக்கென்று வைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் நம் ஆளுக்கு இடம் கொடுத்து, கோயிலில் பேர் வைத்திருக்கிறார். ஷாகு ஒன்ராய். தூரத்திலிருந்து வந்தவர் என்று அர்த்தமாம். மூன்று தடவை சொல்லச் சொல்லித் தமிழில் எழுதி வைத்துக்கொண்டேன். என் அம்மாவின் அப்பாவுக்கு இந்த உலகத்தில் இருக்கிற ஒரே பேர் அதுதான்.

"பெட்டியைத் தனியா வச்சிருக்காங்க," என்றாள் பேத்தி. "சொந்தக்காரங்க யாராவது வந்து கேட்டா குடுத்துடணும்னு அவரு சொல்லி வச்சிருக்காரு. இப்ப என்னைக் கேக்கறாங்க. யாங்கோனுக்கு அனுப்பவா?"

இங்கே கொண்டுவந்து ஆற்றில் கரைப்பதா? எந்தப் பூசாரி முன்னால் போய் நிற்பது? அம்மா யோசிக்காமலா செய்திருப்பாள்? பேத்தியின் பின்னால் கண்ணாடி ஜன்னலில் வெள்ளையாக ஏதோ விழுந்துகொண்டே இருந்தது. அங்கே உனக்குப் பேச்சுத் துணைக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். யாருமில்லை, வேலை முடிந்தால் அறைதான் என்றாள்.

"அப்ப அங்கேயே இருக்கட்டும்," என்றேன். "உன் ஆளு ஒருத்தர் அந்த ஊர்ல இருக்காரு. லீவு நாள்ல போய்ப் பாத்துட்டு வா."

சரி என்றாள். பிறகு, கும்பிடும்போது அவரை என்ன முறை சொல்லிக் கூப்பிட வேண்டும், கொள்ளுத் தாத்தாவுக்கும் மேலே தமிழில் என்ன என்று கேட்டாள்.

"தாத்தான்னு கூப்பிடு," என்றேன். "அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்ல."